போன நேரமும் வந்த நேரமும்

இன்று காலை புது மென்பொருள் ஒன்றைத் திறந்து, பழைய குழாய்க்கிணறு ஒன்றின் எண்களை ஏற்றப் போனேன். ஏற்றுமுன் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இது ஒருவழி நேரமா, இருவழி நேரமா என்று கேட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் என்னவென்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உனக்கென்றால் ஒரு சொல் போதும். அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முந்தல் ஊரில் இரும்புக்கடைக்கு மேலே நமக்கு ஓர் அறை இருந்தது. ஒரு கணினி, இரண்டு கதிரை, சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டிய ஒரு மின்விசிறி. குடிதண்ணீர்த் திட்டமொன்று நம் இருவரையும் வேலைக்கு எடுத்திருந்தது. நான் உடப்பிலிருந்து வருவேன். நீ கனமூலைப் பக்கத்து அகதி முகாமிலிருந்து வருவாய். மன்னாரில் வீடு, வளவு, கிணறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் உன்னுடையது. முகாமில் தோண்டிய கிணறெல்லாம் உப்பு. நீ போத்தலில் கொண்டுவரும் தேநீரை நான் முகம் சுளிக்காமல் குடிக்கப் பாடுபடுவேன்.

"முகாம் தேத்தண்ணிக்குச் சீனி மட்டும் பத்தாது புள்ள, பொறுமையும் போடணும்" என்பாய்.

அந்த முகாமுக்கு ஆழமான குழாய்க்கிணறு ஒன்று அடிக்கப் பணம் வந்திருந்தது. ஒன்றே ஒன்றுக்குத்தான். கீழே எங்கோ நல்ல தண்ணீர் ஊறிய சுண்ணாம்புப் பாறை இருக்கிறது என்பது தெரியும். அது எந்த இடத்தில் மேலே எழும்பி வருகிறது என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும்.

சண்டைக் காலம். வெடிமருந்தைப் பற்றி வாயெடுக்கவே முடியாது. அதனால் பெரிய இரும்புக் கட்டியை உயரத் தூக்கி நிலத்தில் போட்டோம். அந்தச் சத்தம் கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்க நிலத்தில் வரிசையாகக் குத்திய கருவிகளுக்கு நீதான் காது என்று பெயர் வைத்தாய். கூர் முனையும் வயருமாக ஒரு சாக்கு நிறையக் காதுகளோடு சோதனைச்சாவடியில் இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? சிப்பாய் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனான். நான் உனக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீயோ அவனைப் பார்த்துச் சிரித்து, சிங்களத்தில் "வத்துர ஹொயனவா மல்லி" என்றாய். தண்ணீர் தேடுகிறோம் தம்பி என்று கேட்டதும் அவன் முகம் இளகிவிட்டது. தன் ஊரிலும் தண்ணீர்க் கஷ்டம் என்று நமக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டான்.

திரும்பி வந்த சத்தங்களை மென்பொருள் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளாக அடுக்கிக் காட்டியது. நிலத்தைக் கத்தியால் வெட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். வழியில் இருந்த பழைய குழாய்க்கிணறு ஒன்றின் விபரத்தை அந்தப் படத்தின் மேல் தொங்கவிட்டோம். எந்தப் பாறை எந்த ஆழத்தில், சத்தம் அதை எட்ட எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தக் கிணற்றில் முன்பே அளந்திருந்தார்கள். சுண்ணாம்பு என்ற குறி ஒரு கறுத்த பட்டையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. நீ அந்தப் பட்டைக்குக் கண்ணைப் பறிக்கும் றோஸ் நிறம் பூசினாய். அதைப் பின்தொடர்ந்து போனால், முகாமில் களப்புக் கரைப் பக்கமாக மேலே ஏறியது. நம் பொறியியலாளர் சேர் அங்கே முளை அடித்துவிட்டு வந்தார். துளையிடும் மெஷினுக்கும் சொல்லியாகிவிட்டது.

மெஷின் வருவதற்கு முதல் நாள்தான் இரண்டாவது கிணற்றின் எண்கள் வந்தன. அதையும் தொங்கவிட்டோம். சுண்ணாம்புக் குறி ஒன்றுமில்லாத வெளிறிய இடத்தில் அந்தரத்தில் நின்றது. பின்னேரம் வரை சண்டை பிடித்தோம். இரண்டாவது கிணற்றை அளந்தவன் பிழை விட்டிருப்பான் என்றேன் நான். அப்படியென்றால் முதலாவதை அளந்தவன் மட்டும் பிழையே விடாத அவ்லியாவா என்று கேட்டாய் நீ. கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. களைத்துப்போய்ப் பையைத் தூக்கினாய்.

"சரி, நான் போறன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்தில் யார்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்குவார்கள்?

"என்னடி கதை இது? போயிட்டு வாறன் எண்டு சொல்லு."

"போயிட்டு வா..." என்று இழுத்தவள் அப்படியே நின்றாய். பை தோளிலிருந்து நழுவியது. பிறகு நீ கத்திய கத்தலில் கீழே இரும்புக்கடை முதலாளி என்னமோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

"போன நேரம் மட்டும்தான் புள்ள! வந்த நேரத்தைக் கணக்கெடுக்கல்ல நாங்க!"

படத்தில் இருந்தது சத்தம் போய்த் திரும்பி வந்த நேரம். கிணறுகளில் அளந்திருந்ததோ, சத்தம் கீழே போய்ச் சேர்ந்த நேரம் மட்டும். ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை, மென்பொருளும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன். இரண்டு குறிகளும் சரசரவென்று கீழே இறங்கி, ஆழத்தில் ஒரே கறுத்த பட்டையில் போய் உட்கார்ந்தன. அது களப்புப் பக்கம் தாழ்ந்து, ரோட்டுப் பக்கம், முகாம் பள்ளிக்கூடக் கொட்டிலுக்குப் பின்னால் உயர்ந்தது. நாம் றோஸ் பூசியது வெறும் களிமண். நம் இரும்புக்கடை முதலாளியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அவருடைய டெலிபோனிலேயே சேரைப் பிடித்தோம். விளையாடுகிறீர்களா என்று அவர் அதட்டினார். நீ ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாய்.

"சேர், இருக்கிறது ஒரு கிணத்துக்குத்தான் காசு. அதுலயும் உப்பு வந்தா நான் என்ன முகத்தோட எங்கட சனத்துக்குள்ள போய் இருக்கிறது? ஒருக்கா வந்து பாருங்க."

அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார். மறுநாள் காலை முளையைத் தானே பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குப் பின்னால் அடித்தார்.

முதலில் சேறுதான் வந்தது. முகாம் முழுக்கச் சுற்றி நின்றது. நீ என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாய். பிறகு வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துண்டுகள், அதன் பின்னே தண்ணீர்! உன் உம்மா கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், உப்பே இல்ல" என்று அழுதார். அன்று அவர் ஊற்றிய தேநீரை நான் மூன்று கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். அதைப்போல ஒரு தேநீர் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

சண்டை முடிந்து நீங்கள் மன்னாருக்குத் திரும்பினீர்கள். நீ கண்மூடிய செய்தி வந்த அன்று என்ன கொண்டுபோவதென்று தெரியாமல், அந்தக் குழாய்க்கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் உம்மா ஒரு மிடறு குடித்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எங்கட தண்ணியில்லையா இது" என்றார்.

வெளிக்கிடும்போது விடைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பைப் போட்டேன். உம்மா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

"சொல்லிட்டுப் போ மகள். அவ வீட்டில ஒருத்தரையும் அதைச் சொல்லாமப் படியிறங்க விட்டதில்ல."

"போயிட்டு வாறன் உம்மா" என்றேன்.

சொன்னதில் போனது மட்டும்தான் இதுவரை ஆகியிருக்கிறது, வந்தது இன்னும் இல்லை. பெட்டி இன்னும் திரையில் காத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒருவழி என்று அழுத்திவிட்டு, போத்தலைக் கழுவி வைக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை உன் உம்மாவிடம் வருகிறேன்.