வாப்பா திரும்ப எடுத்த காய்

விக்கிரமசிங்கபுரம்

அன்பு மகள் ஃபஹ்மிதாவுக்கு உம்மா துஆவுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்த ஜெர்மனிக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் வாப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

பக்கவாதம் வந்து வாப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தது உனக்குத் தெரியும். இப்போது பேச்சும் குழறுகிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வரும் கலைச்செல்வி, விரல் மடங்கணும்மா, சின்னச் சாமானா எடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்க என்றாள். வாப்பா கண்ணாலேயே பரணைக் காட்டினார், உன் செஸ் போர்டு! ஆட ஆள் வேண்டுமே, முருங்கைக்காய் தவிர வேறு காய் அறியாத உன் உம்மாதான் எதிரே உட்கார்ந்தேன். வலது கைப்பக்க மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டுமாம், மாற்றி வைத்ததற்குப் போர்டையே தட்டிவிட்டார். சிப்பாய் நேராகப் போகும், கோணலாக வெட்டும், யானைக்கு நேர்கோடு, மந்திரிக்கு மூலைவாட்டம், குதிரை மட்டும் மற்ற காயைத் தாண்டிக் குதிக்கும், ராஜாவுக்கு செக் வந்தால் எல்லா வேலையையும் விட்டு அவரைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். வெட்டுப்பட இருந்த சிப்பாயை நான் பின்னால் இழுத்தேன், ஏளா, சிப்பாய் திரும்பாது என்று குழறினார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதில் மனுஷனுக்கு இன்னும் அதே முரட்டுப் பிடிவாதம். மில் ஷிப்ட் முடிந்து ஆட வரும் பாவா மாமா அன்றைக்குத் தெரியாமல் தொட்டுவிட்டேன் என்று எவ்வளவு கெஞ்சினார், தொட்டாச்சுல்லா, நகத்தும்வே என்று இவர் விடவே இல்லையே, அவரும் அதோடு வாசல்படி மிதிக்கவில்லை. நாங்கள் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று, நான் செத்தாலும் என் மையத்தைப் பார்க்க நீ வரக் கூடாது என்றாரே, அந்தச் சொல்லையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராணியை நகர்த்தினார். கையை எடுத்த பிறகுதான் என் குதிரை அதை வெட்டிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. நான் வெட்டாமல் இருந்தேன். அவர் அந்த வலது கையாலேயே ராணியைத் தூக்கிப் பழைய கட்டத்திலேயே வைத்தார். என்னங்க, தொட்டா தொட்டதுதானே என்று கேட்டுவிட்டேன். திரும்ப எடுத்துக்கிடுதேன்ளா என்றார். பிறகு, பிள்ளைய வரச் சொல்லு, நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது என்றார். சொல்லிவிட்டு அழுதார், வாய் கோணியதில் அந்த அழுகைகூடச் சரியாக வரவில்லை மகளே, என்னால் பார்க்க முடியவில்லை.

உனக்குக் கோபப்பட நியாயம் உண்டு, அதை இங்கே வந்து அவர் முகத்தைப் பார்த்துப் படு. சாக்லேட், சென்ட் என்று ஒன்றும் வாங்காதே, திருவனந்தபுரத்தில் இறங்கினால் சீக்கிரம் வந்துவிடலாம். அல்லாஹ் உன் வழியை லேசாக்கி வைப்பான். இன்று காலையிலிருந்து வாப்பாவுக்கு விரல் மடங்கவே இல்லை. போர்டை நான் கலைக்கவில்லை, அடுத்து அவர் ஆட வேண்டிய முறை, அப்படியே நிற்கிறது. அவர் கைக்குப் பதிலாக நீதான் காயை எடுத்து வைக்க வேண்டும்.

உன் உம்மா,
மைதீன் பாத்திமா