குழாய்க் கணக்கை விட்டுவிட்டேன், தங்கம்மை

என் பிரியமுள்ள தங்கம்மை,

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. எம்.ஏ.வுக்கு, நீ சேர்ந்த அதே திருவனந்தபுரத்துக் கல்லூரியில். வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. உன்னிடம் சொல்லாதவரை சொன்ன மாதிரியே இல்லை.

போன வருஷம் சேர்க்கைப் பரீட்சையை நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்துதான் எழுதினோம். நீ தேறினாய். எனக்குக் கட்டுரைத் தாளில் நல்ல மார்க்; கணக்குத் தாளில் போயிற்று. "இன்னும் ஒரு தடவை எழுது மக்கா. அதுக்கு மேல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நிறுத்தி வைக்க என்னால முடியாது" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது.

ஓண லீவில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். எங்கே தவறினேன் என்று கேட்டாய். முதல் பக்கத்திலேயே ஒரு தொட்டிக் கணக்கு. இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒன்று வடிக்கிறது. விடை வரவில்லை, வரட்டும் என்று அதிலேயே இருந்தேன். மணி அடித்தபோது பின்பக்கங்களை நான் பார்த்திருக்கவே இல்லை.

"விட்டுட்டு அடுத்ததுக்குப் போவக்கூடாதா?"

எங்கள் களத்து வழக்கத்தைச் சொன்னேன். நெல் அளக்கத் தொடங்கினால் பொலிக் குவியல் தீரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசவும் கூடாது. பாதியில் விட்டால் லட்சுமி போய்விடுவாள். அப்படியே இருந்து வளர்ந்தவள் நான்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏட்டி, பரீட்சை ஹாலுல லட்சுமிக்கு என்ன ஜோலி? சந்தை நாளுல எங்க ஊரு கருங்கல்ல கடைக்கு வந்து பாரு. தீப்பெட்டி கேட்டவனை அப்பவே அனுப்பிருவோம். கல்யாணச் சாமான் கட்டணும்னு வந்தவரு நிக்கட்டும், அவரு எங்கயும் போவமாட்டாரு."

அன்று முதல் அந்தப் பழக்கம்தான். எளிய கணக்கு முதலில், இழுக்கிற கணக்கு கடைசியில். நான் எதிலாவது நின்றுவிட்டால் "தீப்பெட்டி நிக்குது, தீப்பெட்டி!" என்று கத்துவாய். ஒருநாள் அடுப்படியிலிருந்து அம்மா நிஜமாகவே ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினாள்.

லீவு முடிந்து போனாய். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றார்கள். ஒரு காய்ச்சலுக்குப் போகிற ஆளா நீ?

அதன்பிறகு வெகுநாள் கணக்குப் பக்கமே போகவில்லை. மறுபடி போனபோது, தீப்பெட்டி என்று சத்தம் போட ஆளில்லாமலே கணக்குப் போட்டுப் பழகினேன்.

இந்தத் தடவையும் ஒரு குழாய்க் கணக்கு வந்தது. பாதிவரை போய் நின்றது. விட்டால் எதுவோ போய்விடும் என்ற அதே பயம். போகட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் எழுத்தே தெரியவில்லை. பிறகு சதவீதம், வேகம், பங்கு என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். கடைசியில் குழாய்க்குத் திரும்பினேன். அப்போதும் அது வரவில்லை. அப்படியே தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன தடவை பாதிகூட வாங்காத தாளில் இந்தத் தடவை முக்கால்வாசிக்கு மேல் மார்க். அப்பா மார்க்கை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இப்போது இல்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் அனுப்பிவிட்டார்.

நேற்று கருங்கலுக்குப் போனேன். உன் அப்பா கடையிலிருந்து எழுந்து உள்ளே கூட்டிப்போனார். "இருந்திருந்தா இப்ப ரெண்டாம் வருஷம், இல்லியா மக்கா?" என்றார் உன் அம்மா. ஆமாம் என்றேன். உன் அம்மாவே தொடர்ந்தார்:

"லீவுக்கு வந்தா வாய் ஓயாது. எந்த டீச்சர் எப்படி, ஹாஸ்டல்ல என்ன குழம்பு, எல்லாம் எனக்குத் தெரியும். இப்ப அங்க என்ன நடக்குன்னு ஒண்ணும் தெரியல்ல."

நான் பேசாதவள். உனக்குத் தெரியும். ஆனாலும் இனி ஒவ்வொரு லீவுக்கும் தொடுவெட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் கருங்கலுக்குப் போவேன். அடுப்படியில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குழம்பு முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வருவேன். பேசப் பழகிக்கொள்கிறேன் தங்கம்மை.

உன் அம்மாவின் இன்னொரு மகள்,
பகவதி