முப்பத்தொன்றாம் முத்திரை

பாய்ஸி, ஐடஹோ
மார்ச் 11, 1985

அன்புள்ள வாண்டாவுக்கு,

ஓடெட் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடியிருப்பாய். பயப்படாதே, யாரும் சாகவில்லை. என்னவர் அர்மான் இங்கே உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். அறுவை செய்த இடம் குளிர்காலத்தில் மட்டும் சுருக்கென்று இழுக்கிறதாம். உன் பிள்ளைகள் மூவரும் வளர்ந்திருப்பார்கள். சின்னவளுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்றா?

நான் வெர்ன் டகெட் என்பவரின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறேன். கிரேலிங் துப்பாக்கி ஆலையில் பதினாறு வருஷம் கடைசிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவள் என்று சொன்னேன். ஏன் வெளியே வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜனவரியில் உங்கள் கம்பெனி மேற்கு மாநிலங்களின் வாரண்டி வேலையை இந்தக் கடைக்குக் கொடுத்தது. ஒப்பந்தக் கடிதத்தின் அடியில் உன் பெயர்: வாண்டா ஸிக்மண்ட், தரக்கட்டுப்பாட்டுத் தலைவி. வாழ்த்துகள் வாண்டா. மனதாரச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்.

போன வாரம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கிரேலிங் ரிவால்வர் பெட்டியும் கையுமாக வந்தார். "புத்தம் புதுசும்மா. ஆறே ஆறு குண்டுதான் சுட்டேன். ஒவ்வொரு வாட்டியும் கன்னத்துல ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றார். குழலில் சோதனைக் கம்பியை விட்டுப் பார்த்தேன். உருளையின் நான்காவது அறை வந்தபோது கம்பி விளிம்பில் முட்டி நின்றது. அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லை. ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பாமல் என்ன செய்யும்? பிடியின் மரப்பட்டையைக் கழற்றினேன். அடியில் 31 என்று குத்தியிருந்தது.

என் முத்திரை; பார்த்துத் தேறிய துப்பாக்கியில் மட்டுமே நான் குத்துவது. இப்படி ஒரு சாமான் என் கையைத் தாண்டி எப்படிப் போயிற்று என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. பதினோரு வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவள் நீ. உனக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா?

பழைய அன்புடன்,
ஓடெட்

கீன்ஸ் ஃபால்ஸ், மாசசூசெட்ஸ்
மார்ச் 19, 1985

என் அன்பு ஓடெட்,

உன் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன், போ. இத்தனை நாள் ஒரு வரி போடக் கூடாதா? விலாசம்கூடச் சொல்லாமல் போனவள் நீ. கோபம் எனக்குத்தான் வர வேண்டும். சின்னவளுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று. ஆனால் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். ஸ்டான் இன்னும் அதே மாதிரிதான், ஞாயிற்றுக்கிழமை முழுக்க மீன்பிடிக்கப் போய்விடுகிறார். இங்கே பாதி மேசை காலி. புது இயந்திரங்கள் வந்துவிட்டன. நம்மைப் போல் விரலால் தடவிப் பார்த்துக் குறை சொல்லும் ஆட்கள் இப்போது இல்லை.

அந்தத் தபால்காரரின் துப்பாக்கியைப் பற்றி நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. லட்சத்தில் ஒன்று அப்படிப் போகும். இனி 31 போட்டு எது வந்தாலும் நீ பிரிக்க வேண்டாம், அறிக்கையும் எழுத வேண்டாம். பெட்டியோடு என் பெயருக்கு அனுப்பிவிடு. வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்று கொடுத்துவிடுகிறேன். உனக்கும் வேலை மிச்சம்.

நடந்தது நடந்துவிட்டது. உன்னை வேலையைவிட்டு அனுப்பிய அன்று நான் எவ்வளவு அழுதேன் என்று ஸ்டானைக் கேள். கோடையில் அர்மானோடு வா. முட்டைக்கோஸ் உருண்டை செய்து வைக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் வாண்டா

பாய்ஸி
ஏப்ரல் 1, 1985

வாண்டா,

பெட்டி எதையும் அனுப்பவில்லை. இப்போது என் மேசையில் 31 போட்டவை ஏழு இருக்கின்றன. ரீனோவில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் மூன்று வருஷம் தூங்கிவிட்டு இப்போதுதான் விற்பனைக்கு வந்தவை. பெட்டிக்குள் இருந்த அனுப்புச் சீட்டு ஏழிலும் ஒரே தேதி: ஆகஸ்ட் 28, 1981, வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் அர்மானின் கட்டிலருகே இருந்தேன். ஒரு பெண்ணின் கண் போனதும் ஆலையில் நடந்த விசாரணையில் அதைச் சொன்னேன். "புதன்கிழமையே குத்திட்டுப் போயிருக்கலாமே" என்றார் ஹாஸ்கல். மேலாளர் சொன்னால் மறுபேச்சு ஏது? பிறகு உன்னைக் கேட்டார்கள். நீ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "பாவம், ஆஸ்பத்திரிக்கு ஓடுற அவசரத்துல பார்க்காம குத்தியிருப்பா" என்றாய். அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஆலையும் என்னை உள்ளே விடவில்லை.

புதன்கிழமை, இந்த ஏழும் சேர்ந்த இருநூற்று நாற்பது துப்பாக்கிகளையும் நான் நிராகரித்தேன் வாண்டா. ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை கட்டினேன். விரல் நுனி கன்றிப்போயிற்று. இப்போது பட்டையைக் கழற்றினால் ஏழில் நான்கில், திருகுக்கு அடியில், சிவப்பு நூலின் துணுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ கத்தியால் அறுத்திருக்கிறார்கள். அறுத்தவள் அவசரத்தில் முழுசாக எடுக்கவில்லை. முத்திரை இருந்த என் இழுப்பறைக்கு இரண்டு சாவிதான். ஒன்று என்னிடம், இன்னொன்று உன்னிடம்.

சனிக்கிழமை பஸ் ஏறி ட்வின் ஃபால்ஸ் போனேன். கார்லா ஆஸ்ட்பியின் வீட்டுக்கு. மறந்திருக்க மாட்டாய். போலீஸ்காரக் கணவர் சுட்டுப் பழகும்போது பக்கத்தில் நின்றதற்காக இடது கண்ணைக் கொடுத்தவள். அவளுடைய வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தவறு ஒரே ஒரு தொழிலாளியுடையது, ஒரே ஒரு துப்பாக்கியில் நேர்ந்தது என்றே கம்பெனி சாதிக்கிறது. அதனால்தான் மற்றவற்றைத் திரும்ப வாங்கவும் இல்லை.

கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாள்.

"நான் ஓடெட் பெல்மார். முப்பத்தொன்னு."

அவள் கதவைச் சாத்தவில்லை. அது எனக்கு ஆச்சரியம். "அந்த நம்பரை நான் தினம் காலையில திட்டுறேன். மூஞ்சி இப்படி இருக்கும்னு நினைக்கல" என்றாள்.

"திட்டுங்க. ஆனா ஆள் நான் இல்ல" என்று நூல் துணுக்கைக் காட்டிச் சாவியைப் பற்றியும் சொன்னேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. நூலைக் காட்டுறே, சாவி கதை சொல்றே. உன் கம்பெனி வக்கீல் அதை ஊதித் தள்ளிடுவான். செஞ்சவ கைப்பட எழுதினதக் காட்டு. அப்புறம் உனக்கு காப்பி தர்றேன்."

காப்பி கிடைக்காமல் திரும்பி வந்தேன். ஆகவே கேட்கிறேன்: கார்லாவுக்கு நீ இரண்டு வரி எழுது. உன் கையால். ஏப்ரல் முடியும்வரை பொறுப்பேன்.

ஓடெட்

கீன்ஸ் ஃபால்ஸ்
ஏப்ரல் 22, 1985

ஓடெட்,

இதைப் படித்ததும் எரித்துவிடு. உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான். போதுமா? ஹாஸ்கல் வியாழக்கிழமை மதியம் வந்து, "நாளைக்கு லாரி காலியா கெளம்பினா, திங்கக்கெழமை இந்த மேசையில வேற ஆளு உக்காந்திருக்கும். சிவப்புக் கிவப்புனு எங்கிட்ட வராதே" என்றார். ஸ்டானுக்கு அப்போது வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். அட்டைகளை நான்தான் அறுத்தேன். முதலில் என் முத்திரையைத்தான் எடுத்தேன். கை வரவில்லை. பிறகு உன் இழுப்பறையைத் திறந்தேன். திரும்பி வந்ததும் உன்னிடம் சொல்லலாம், நீ திட்டுவாய், பிறகு சிரிப்போம் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணின் கண் போகும் என்று யார் கண்டார்கள்? அதற்கப்புறம் எப்படி வாயைத் திறப்பது? நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

கார்லாவுக்கு எழுத மாட்டேன். எழுதினால் அவளுக்குக் கண் திரும்பி வருமா? எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான். அதுவரை பொறு. இல்லையென்றால் வேறு வழி எனக்கும் தெரியும். மே முதல் தேதியிலிருந்து டகெட் கடையை வாரண்டிப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த ஏழும் கம்பெனியின் சொத்து. உடனே அனுப்பச் சொல். அந்த நல்ல மனிதர் நஷ்டப்பட்டால் அது உன் பிடிவாதத்தால்தான்.

நீ பழிவாங்குகிறாய் ஓடெட். உன் மனம் இப்படி இருந்ததில்லை. என் சின்னவளுக்கு ஞானத்தாயாக நின்றவள் நீ. அதையாவது நினை.

என்றும் உன்னை நேசிக்கும்,
வாண்டா

பாய்ஸி
ஜூன் 3, 1985

வாண்டா,

எரிக்கவில்லை.

நீ கார்லாவுக்கு எழுத மாட்டேன் என்றாய். அதனால் எனக்கு எழுதியதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பட எழுதியதைக் கேட்டாள் அல்லவா? சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டு, தாளை வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள். "திரும்பி வந்ததும் சிரிப்போம்னு நினைச்சாளாமே" என்றாள். காப்பி போட்டாள். சர்க்கரை அதிகம். கடைசிவரை குடித்தேன்.

அவளுடைய வக்கீல் அதை நீதிமன்றத்தில் வைத்ததும், உன்னை வேலையைவிட்டு அனுப்பியதும், ஹாஸ்கல் உன்னைத் தெரியவே தெரியாது என்பதுபோல் பேசியதும் நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஹாஸ்கலையும் விட மாட்டோம். உன் கடிதத்தில் அவர் பெயர் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. கம்பெனி மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் தந்தி அடித்து, அந்த இருநூற்று நாற்பதில் மிச்சமிருப்பதையெல்லாம் திரும்ப வரவழைக்கிறது.

கடை பட்டியலிலிருந்து போயிற்று. வெர்னிடம் நானே போய், என்னால்தான் என்று சொன்னேன். "போனாப் போவட்டும். கண்ணைப் பிடுங்குற சனியனை ரிப்பேர் பண்ணித்தான் நான் சாப்பிடணுமா?" என்றார்.

பழிவாங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். ஆமாம். முதல் கடிதத்திலேயே அதற்குத்தான் உட்கார்ந்தேன். பிள்ளைகளை விசாரித்ததும் பல்லை விசாரித்ததும் நீ பதில் போட வேண்டும் என்பதற்காக. உன் பதில் வந்த அன்று ஒரு கணம் இளகினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோஸ் உருண்டை என்று படித்ததும் உன் வீட்டு மேசை கண்முன் வந்தது. அதற்கு மேல் பத்தியில், பெட்டியைப் பிரிக்காமல் அனுப்பு என்று இருந்தது. தபால்காரரின் கன்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை.

நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்கிறாய். செய்திருக்கலாம். ஆனால் என் முத்திரையால் செய்திருப்பேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து தொலைபேசி. புது ஆள் யாரோ, மரியாதையாகப் பேசினார். "திரும்பி வர்றதையெல்லாம் ஒவ்வொண்ணாப் பார்க்கணும். உங்களைவிட்டா ஆளில்லை. வர முடியுங்களா?" எந்த மேசை என்று கேட்டேன். "தனி அறை. ஸிக்மண்ட் அம்மா இருந்த அறை காலியாத்தான் இருக்கு" என்றார்.

அர்மான், "அந்த ஊர் வேணாம் ஓடெட். இங்க நிம்மதியாத்தானே இருக்கோம்" என்றார். "நிம்மதி உங்களுக்கு. எனக்கு அந்த நாற்காலி வேணும்" என்றேன். பதினேழாம் தேதி வருகிறோம்.

நீ பஸ் நிலையத்துக்கு வராதே. கேக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வராதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் வரிசையில் உட்காராதே. உன் சின்னவள் மட்டும் வரலாம். அவள் எனக்கு எதுவும் செய்யவில்லை.

எழுதவும் வேண்டாம். எழுதினால் நான் பிரிக்க மாட்டேன். உறையோடு கார்லாவின் வக்கீலுக்குப் போகும்.

ஓடெட் பெல்மார்