வெயிலில் நிற்கும் சைக்கிள்கள்

ஞாயிறு, 9-7-1961, இரவு

கவுன்சிலராகி நான் சண்டை போட்டு வாங்கிய ஒரே காரியம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் கொட்டகை. நகராட்சிச் செலவில் கட்டியது. திறந்த நாளிலிருந்து அதில் ஆடுகள்தான் படுத்திருக்கின்றன. சைக்கிள்களெல்லாம் எதிரே வெட்டவெளியில். "சைக்கிள்காரனுக்கு இது எதுக்குய்யா? கடைக்கு வாடகைக்கு விட்டிருவோம்" என்கிறார் சேர்மன்.

இன்று சந்தைக்கு வந்த தாயில்பட்டி பெருமாளை மறித்தேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்; இங்கே சைக்கிளில் வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள்தான்.

"நிழல் இருக்கையில ஏன் வெயில்ல விடுறீக?"

பெருமாள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஷெட்டைக் கண்டா காலு தானா எறங்கிருது அண்ணாச்சி. கம்பெனியில மருந்து ஷெட்டுக்கிட்ட வண்டியக் கொண்டு போக விடுவாகளா? இரும்பு ஒரசி ஒரு பொறி விழுந்தா அம்புட்டும் போயிருமே."

இதை நகர்மன்றத்தில் எப்படிச் சொல்வது? சேர்மன் சிரிப்பார். நானும் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை? யோசித்துக்கொண்டே என் சைக்கிளை எடுக்கத் திரும்பினேன். அதுவும் வெயிலில்தான் நின்றது. சீட்டில் உட்கார முடியாத சூடு.

நாளை என் கால் எங்கே இறங்குகிறது, பார்க்க வேண்டும்.