எடை கூடின அம்பு

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

நீங்க கேட்டதை ஆலிம்சாகிட்ட கேட்டுட்டேன். பிஸ்மில்லா சொல்லி விட்ட அம்பு துளைச்சு மான் செத்தா ஹலால். துளைக்காம வெறும் அடியில செத்தா ஆகாதாம்.

போன மாசம் போன்ல, "சீசனுக்கு ரெடியாகுதேன்"னு சொன்னீங்க. இங்கன சீசன்னா குற்றாலந்தானே. நீங்க வருதீங்கன்னு நெனச்சு மாடி ரூமைக் கழுவிவிட்டேன். மாஜிதா பள்ளிக்கூடம் பூரா, "எங்க வாப்பா வருதாவ"ன்னு சொல்லிட்டா. டெக்சாஸ்ல மான் வேட்டைக்கும் சீசன் உண்டுன்னு பொறவுதான் தெரிஞ்சுது. அவகிட்ட இன்னும் சொல்லல. அருவிக்கு எப்பம் போவோம்னு கேக்குதா. சாரல் நின்னுட்டு, அருவியில தண்ணி இல்லன்னு சொன்னேன். அவ ஜன்னலைப் பாத்தா. வெளிய தூத்திக்கிட்டுதான் இருந்துச்சு.

பொறவு பெருநாளன்னைக்கு சண்டையில, "இனி உன் இஷ்டம்"னு போனை வச்சீங்க. என்னை விட்டுட்டீங்களா, வச்சிருக்கீங்களான்னு தெரியல. அதுக்குப் பொறவு பேசுனதெல்லாம் வில்லும் அம்புந்தான். சண்டை போட எனக்கும் தெம்பில்ல.

மரவில்லுக்கு இலேசான அம்பு வாங்கவா, எடை கூடினது வாங்கவான்னு கேட்டீங்க. இலேசானது வேகமாப் போகும், எடை கூடினது மெதுவாப் போனாலும் ஆழமா எறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க. எடை கூடினதையே வாங்குங்க. இலேசான அம்பு பாதியில நின்னுட்டா மான் சாகாது. தச்ச அம்போட காடெல்லாம் அலையும். அப்படி ஓடுனா, விட்டவன் தேடிப் போயே ஆகணும்னு ஆலிம்சா சொன்னாவ.

இங்கன இன்னும் யாரும் தேடி வரல, மச்சான்.

இப்படிக்கு,
உங்க மகளோட உம்மா