லைனுக்கு வராத என் மெஷின்

23-1-1989, திங்கள்

இன்றும் என் கம்ப்யூட்டர் லைனுக்கு வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய், நானே பூட்டைத் திறந்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், 'சர்வர் இல்லை' என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது. எல்லா மெஷினுக்கும் தாய் மெஷினான சர்வர், எதிரே கண்ணாடி அறைக்குள்தான் இருக்கிறது. விளக்கெல்லாம் எரிகிறது. இல்லையாம்! இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டால்தான் வருகிறது. அப்படி அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மேனேஜர் குப்புராஜ் உள்ளே நுழைகிறார்.

அப்புறம் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, தலையைச் சீவிக்கொண்டே வருகிறான் அர்ச்சுனன். தன் மெஷின் சுவிட்சைத் தட்டினான். வந்துவிட்டது. மேனேஜர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இந்த கிரானைட் கம்பெனியில் வருஷக்கணக்காக டைப் அடித்த கை என்னுடையது. அவன் நேற்று வந்தவன்.

வயிறு எரிகிறது. எழுதியாயிற்று, போகட்டும்.

27-1, வெள்ளி

பெங்களூரில் மூன்று மாத டிரெய்னிங்காம். ஒருவருக்குத்தான் இடம். போய் வந்தவர்தான் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். "யாரு மெஷின ஒழுங்கா ஓட்டறாங்களோ, அவங்கள அனுப்பறேங்க" என்றார் மேனேஜர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

30-1, திங்கள்

பெங்களூரிலிருந்து இன்ஜினியர் மத்தியானம் வந்தார். நெட்வொர்க் கார்டைக் கழற்றி மாட்டினார். கேபிளை ஆட்டிப் பார்த்தார். அவர் முன்னால் மெஷின் சமர்த்துப் பிள்ளையாக லைனுக்கு வந்தது. "இதுல ஒண்ணும் கோளாறு இல்லையே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

31-1

காலையில் மறுபடியும் அதே கதை.

2-2, வியாழன்

ஃபேன் காற்றால் தலைவலி என்று பொய் சொல்லி நேற்று சாயங்காலமே அர்ச்சுனனோடு இடம் மாறிக்கொண்டேன். அவன் மெஷின்தான் நல்ல மெஷின், இனி பார்க்கலாம் என்று இன்று காலையில் போட்டேன்.

சர்வர் இல்லை.

அவன் வந்து என் பழைய மெஷினைத் தட்டினான் — வந்துவிட்டது! "உங்க கைராசி அப்படிங்களாண்ணா?" என்று சிரித்தான். பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாம் போல இருந்தது. கோளாறு என்ன, என்னோடு எழுந்து இடம் மாறுமா? நான் என்னடா பாவம் பண்ணினேன்?

7-2, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். பூசை முடிந்துதான் ஆபீஸ். சாவியை அர்ச்சுனனிடம் கொடுத்தேன். வீட்டில் லூர்து மேரி, "அந்தப் பையன் பேர எடுக்காம ஒரு வேள சோறு எறங்காதுங்களா உங்களுக்கு?" என்கிறாள். எறங்காதுடி. என்ன பண்ணச் சொல்ற?

8-2, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு தாமதமாகப் போனேன். அர்ச்சுனன் முகம் தொங்கிக் கிடந்தது. காலையில் அவன்தான் திறந்து, எல்லாவற்றையும் போட்டிருக்கிறான். சர்வர் இல்லை என்றதாம்! அதுவும் மேனேஜர் முன்னால். நான் போட்டேன். முதல் தட்டிலேயே வந்தது.

"எப்படீங்ணா?" என்றான். "கைராசி" என்றேன். எத்தனை சந்தோஷம்! தவக்காலத்தின் முதல் நாளே இப்படி. ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் யோசித்தேன். மெஷின் எதுவானாலும் சரி, முதலில் வந்து போடுகிறவனுக்குத்தான் வரவில்லை.

9-2, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

ஸ்டெபிலைசரைப் போட்டதும் சர்வரும் என் மெஷினும் ஒன்றாக உயிர் பெறுகின்றன. என்னுடையது சட்டென்று எழுந்து சர்வரைக் கூப்பிடுகிறது. சர்வரோ தன் டிஸ்க்கையெல்லாம் சரிபார்த்து எழ நேரமாகிறது. பதில் வராததால் என் மெஷின், சர்வரே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. இன்று சர்வரை மட்டும் போட்டுவிட்டு, ரோட்டுக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து என்னுடையதைப் போட்டேன். உடனே வந்தது. அவன் தாமதமாக வந்து நல்ல பேர் வாங்கினான். நான் சீக்கிரம் போய்க் கெட்ட பேர் வாங்கினேன்.

10-2, வெள்ளி

அர்ச்சுனனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே மேனேஜருக்குச் செய்து காட்டினேன். இன்ஜினியருக்கே தெரியாதது என்பதையும் மறக்காமல் சொன்னேன். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வேளையோட வந்து சர்வர எழுப்பி, பாத்து லைனுக்குக் கொண்டார உங்களாட்டம் ஆளு வேணுங்க மரியசூசை. உங்கள பெங்களூர் அனுப்பிட்டா இங்க யாரு பாக்கறது? அர்ச்சுனனே போவட்டும்."

வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நானு?

11-2

சாப்பிடவில்லை.

6-3, திங்கள்

அர்ச்சுனன் நேற்று பெங்களூர் போய்விட்டான். இன்று சர்வரைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அது எழுந்த பிறகு என் மெஷினைப் போட்டேன். வந்தது. அவன் திரும்பி வரும்வரை அவனுடையதையும் தினம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். அதையும் போட்டேன். அதுவும் வந்தது.