கொலுசுத் தராசில் பிஸ்டன்

வெள்ளி இரவு, அம்மாபேட்டை.

அடுத்த வாரப் பந்தயத்துக்காகத் தங்கை கலா தன் காரின் இன்ஜினைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு பிஸ்டன்களும் ஒரே எடைதான் என்று கடைக்காரர் சொன்னதை நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசு செய்யும் பஷீர் அண்ணனிடம் தராசு கேட்டேன்.

"ஏனுங்க டீச்சர், பிஸ்டனுக்குச் சலங்கை கட்டி உடப் போறீங்களா?" என்று சிரித்தார்.

ஒரு பிஸ்டன் கனமாகத்தான் இருந்தது. அப்படியே போட்டால் வேகம் ஏறும்போது இன்ஜின் உதறும். புது செட் வரவழைக்க நாளில்லை. கலா அரத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

"பொறுடி, ராவாத. பிஸ்டன் பின்னுகளையும் எடை போட்டுப் பாக்கலாம்" என்றேன்.

பின் என்பது பிஸ்டனுக்குள் செருகும் இரும்பு உருளை. அவற்றின் எடையிலும் சிறு வித்தியாசம் இருந்தது. கனமான பிஸ்டனுக்கு லேசான பின்னைச் சேர்த்தேன். நான்கு ஜோடிகளும் ஒரே எடைக்கு வந்தன. நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே எடை.

"அக்கா, ஞாயித்துக்கெழமை வெள்ளோட்டத்துக்கு நீதான் பக்கத்துல உக்காரோணும்!" என்று கலா குதித்தாள்.

அவள் காரில் நான் இதுவரை ஏறியதில்லை. பயம்தான். இன்று சரி என்று சொல்லிவிட்டேன்; அதுவும் சிரித்துக்கொண்டே. ஞாயிறன்று சேலை கட்டிக்கொண்டு அதில் உட்கார முடியாது. ஒரு சுடிதாரைத் தேய்த்து வைக்க வேண்டும்.